மான்கொம்புப் பவளம் வெளுத்த காரணம்

தம்பி,

இங்கே நான், உன் அம்மா, தொட்டியில் உள்ள மீன்கள் எல்லோரும் சுகம். பவளம் மட்டும் சுகமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வேண்டியதுதானே என்கிறாள் அம்மா. போனில் நீ "சொல்லுங்கப்பா" என்றதும் எனக்கு வெயிலும் விலைவாசியும்தான் வாயில் வருகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு நழுவ முடியாது. இதை ஊரே படித்தாலும் படிக்கட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் தொட்டியில் நீ வளர்த்த மான்கொம்புப் பவளம் நுனியிலிருந்து வெளுக்க ஆரம்பித்தபோது, மூன்று மணி நேரம் கரண்டு இல்லை, இன்வெர்ட்டரும் படுத்துவிட்டது, தண்ணீர் சூடேறிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா? கரண்டு போகவே இல்லை. இன்வெர்ட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. பவளத்தை வெளுக்க வைத்தது நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், நீயும் நம்பினாய். அல்லது நம்பின மாதிரி காட்டிக்கொண்டாய். நீ எதை நம்பினாய், எதை எனக்காக நம்பினது மாதிரி நடித்தாய் என்பதெல்லாம் இப்போது எனக்குப் பிடிபடவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பொய்யை அப்படியே விட்டிருப்பேன். ஆனால் நீ அந்தப் பொய்யை வைத்துத்தான் இப்போது புது விளக்குத் தேடிக்கொண்டிருக்கிறாய். நீ அனுப்பிய மூன்று விளக்குகளும் கரண்டு மிகக் குறைவாக இழுப்பவை, இன்வெர்ட்டரில் நாள் முழுக்க ஓடக்கூடியவை. "மூணுல எது பிடிக்குதுன்னு சொல்லுங்கப்பா, மாசக் கடைசிக்குள்ள ஆர்டர் போட்டுர்றேன்" என்று எழுதி இருபது நாளாகிறது. நோய் ஒன்று, நீ மருந்து தேடுவது இன்னொன்றுக்கு. அந்த மூன்றில் எதை வாங்கினாலும் அடியில் இருக்கிற பவளங்கள் வெளிச்சமில்லாமல் போய்ச் சேர்ந்துவிடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. மேலே இருப்பதை நான் கெடுத்தாயிற்று. அடியில் இருப்பதை என் பொய் கெடுக்க வேண்டாம்.

தொட்டியை நீ வைத்தபோது ஊரில் சிரிக்காத ஆள் இல்லை. குடிக்கிற தண்ணிக்கே லாரியை எதிர்பார்க்கிற சிவகாசியில் ஒருவன் வீட்டுக்குள் கடல் வைத்திருக்கிறான் என்றார்கள். தூத்துக்குடிக் கடலில் உடைத்தெடுத்ததா என்று கேட்டவர்களிடம், அது குற்றம், இது பண்ணையில் வளர்த்த துண்டு என்று ரசீதைக் காட்டிக் காட்டி எனக்கு அலுத்துப் போயிருக்கிறது. ஐந்தடி நீளம், மூன்றடி ஆழம். நான் ஸ்டூல் போட்டு ஏறி, தோள் நனைகிற மட்டும் கையை விட்டால்தான் அடி மணல் தட்டுப்படும். இவ்வளவு ஆழம் எதற்கடா என்று கேட்டதற்கு, மேலே வெயில் பவளம், கீழே நிழல் பவளம், கடலில் அப்படித்தான் அடுக்கடுக்காக இருக்கும் என்று சொன்னாய். அந்த ஆழத்துக்கு வெளிச்சம் இறங்க வேண்டும் என்பதற்காக, குடோனில் தொங்குவது போல இரண்டு மெட்டல் ஹாலைடு விளக்குகளைத் தொங்கவிட்டாய். அவை தண்ணீரைக் கொதிக்க வைக்கும், அதைக் குளிர வைக்க ஒரு சில்லர். ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் ஐஸ்பெட்டி, இரண்டுக்கும் நம் வீட்டுக் கரண்டு. எனக்கு அது அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

பங்குனியில் அந்த விளக்கில் ஒன்று போனதும், இரண்டையும் கழற்றிவிட்டு உன் சிநேகிதனின் பழைய எல்.இ.டி. விளக்கைத் தற்காலிகமாக மாட்டச் சொல்லி அனுப்பினாய். நீலத்துக்கு ஒரு குமிழ், வெள்ளைக்கு ஒரு குமிழ். நீலம் எழுபது, வெள்ளை இருபது, யாரும் கை வைக்க வேண்டாம் என்று சீட்டு ஒட்டியிருந்தாய். மாட்டிப் பார்த்தேன். துக்க வீடு மாதிரி இருட்டாகத் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டு, "இது என்ன வெளிச்சம், பிள்ளை ஏமாந்துட்டான்" என்றேன். "நல்லாத்தான இருக்கு. எம்புட்டு நீலமா இருக்கு பாருங்க" என்றாள். உனக்கு என்ன தெரியும் என்று அவளை அடக்கிவிட்டுக் குமிழில் கை வைத்தேன்.

என் தப்பு அதில் இல்லை என்று முதலில் நினைத்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி அது. நம் அச்சாபீஸ் மெஷினில் முதல் ஷீட் வந்ததும் கையில் எடுப்பேன், விளக்கடியில் பிடிப்பேன், நீலத்தைக் கூட்டு, மஞ்சளைக் குறை என்பேன். நூறு ஷீட் ஓடியதும் மறுபடி எடுப்பேன். கண்ணுக்குச் சரியாக வரும்வரை கூட்டிக் குறைத்து, அப்புறம் ஓரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் ஆர்டர் முழுக்க ஓடும். முப்பது வருசமாக இதுதான் வேலை. தொட்டியையும் அப்படியே ஓட்டினேன். பகல் பன்னிரண்டுக்கு விளக்கு எரிந்ததும் போய் நிற்பேன், போதவில்லை, கொஞ்சம் கூட்டுவேன். மறுநாளும் போதாது, இன்னும் கொஞ்சம். பத்து நாளில் நீலம் நூறு, வெள்ளையும் நூறு. அப்போதுதான் எனக்குக் கண் குளிர்ந்தது. மெஷின் நூறு ஷீட்டில் பதில் சொல்லிவிடும். பவளம் மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு அப்புறம் சொன்னது. பவளத்துக்குள்ளே குடியிருக்கிற பாசிதான் அதற்குச் சோறும் நிறமும் கொடுக்கிறது, வெளிச்சம் தாங்காவிட்டால் பவளம் அந்தப் பாசியை வெளியே துப்பிவிடும், அப்புறம் எலும்பு மட்டும் வெள்ளையாகத் தெரியும் என்று நீ முன்னே ஒருநாள் சொன்னது வெளுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. குமிழைத் திருப்பி எழுபதுக்கும் இருபதுக்கும் கொண்டுவந்துவிட்டு, உனக்குப் போன் போட்டுக் கரண்டு மேல் பழியைப் போட்டேன்.

வைகாசியில் மதுரையில் எனக்கு வலது கண்ணில் புரை எடுக்கும் ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும். லீவு இல்லை என்றாய், அம்மாவிடம் மூன்று முறை போனில் விசாரித்தாய். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த மறுநாள் பகலில் தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். நான் பார்த்தது எனக்கே புரியவில்லை. அந்த இருட்டு விளக்கு இருட்டாகவே இல்லை. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம், கண் கூசுகிறது. யாரோ குமிழைத் திருப்பிவிட்டார்கள் என்று எழுந்து போய்ப் பார்த்தால் எழுபது, இருபது, நீ சொன்ன இடத்திலேயே இருக்கிறது. வலது கண்ணை மூடி, புரை எடுக்காத இடது கண்ணால் பார்த்தேன். பழைய துக்க வீடு, மேலே டீத்தண்ணி ஊற்றிய மாதிரி ஒரு பழுப்பு. இடதை மூடி வலதைத் திறந்தால் மறுபடி கடல். இப்படி மாற்றி மாற்றி எத்தனை நேரம் செய்தேனோ, அம்மா வந்து, "என்ன, மீனுக்குக் கண்ணடிச்சுக்கிட்டு இருக்கீக?" என்றாள். சிரிக்கத் தோன்றவில்லை. இந்த இரண்டு கண்ணில் எதை நம்பி நான் இத்தனை வருசம் பிழைத்தேன் என்ற யோசனை வந்துவிட்டது.

அடுத்த நாள் கம்பெனிக்குப் போனதும் நேரே ஆபீஸ் பீரோவைத் திறந்து இரண்டு வருசத்துக்கு முந்தைய ஆல்பத்தை எடுத்தேன். ஆடிப்பெருக்கு அன்று ஏஜெண்டுகளுக்குக் காட்டுவதற்காக அச்சடித்தோமே, காலண்டர் மாடலெல்லாம் உள்ள அந்த ஆல்பம். நீ வீட்டை விட்டுப் போகக் காரணமாக இருந்த ஆல்பம். மற்ற ஆர்டருக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆல்பம் என்பதால் அன்றைக்கு மெஷின் பக்கத்திலேயே நின்றேன். காலண்டர் லட்சுமி அச்சில் ஓடிக்கொண்டிருந்தது. நீலம் பத்தவில்லை, கூட்டு என்றேன். "அப்பா, நீலம் ஏறிப்போச்சுப்பா, முகம் கெட்டுப்போகுது" என்றாய். கம்பெனி ஆட்கள் பதினெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏலே, நாலு கடல் பூச்சியை வளத்துட்டா கலர் தெரிஞ்சிருமாலே? இந்தக் கண்ணு பாத்த பார்வையிலதான் நீ சோறு தின்ன" என்றேன். நீ கையிலிருந்த, அச்சுப் புள்ளி பார்க்கிற லென்ஸை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாய். மூன்றாவது வாரம் ஓசூரில் அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது என்றாய். தொட்டியை எடுத்துப்போக முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அம்மாவிடம்தான் சொன்னாய், என்னிடம் இல்லை.

அந்த லட்சுமியை இப்போது வலது கண்ணால் பார்த்தேன். முகம் நீலம் பாரித்துக் கிடக்கிறது. சிவப்புப் புடவை கத்திரிக்காய் நிறத்துக்குப் போயிருக்கிறது. அந்த வருசம் ஏஜெண்டுகள் பாதிப் பேர் வேறு இடத்துக்குப் போனதற்கு அச்சு மை கொடுத்த கம்பெனிக்காரனைத் திட்டினேன், பேப்பரைத் திட்டினேன், காலத்தைத் திட்டினேன். நீ சொன்னதுதான் சரி, தம்பி. நான் சொன்னது தப்பு. இதை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன்னைத் திட்டியது அப்படித்தான்.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு குழப்பம் இல்லை. ஆல்பத்தைப் பார்த்ததும் ஒரு கேள்வி வந்தது. கண் ஒரே நாளில் கெடாதே, அப்படியானால் மற்ற ஆர்டர்கள் மட்டும் எப்படி நன்றாக வந்தன? மெஷின்மேன் கருப்பசாமியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் கையை வேஸ்ட் துணியில் துடைத்தான், மறுபடி துடைத்தான்.

"ஒக்காருங்க மொதலாளி" என்றான். "நீங்க ஓகே போட்ட ஷீட்டு வேற, ஓடுன ஷீட்டு வேற. நீங்க அங்கிட்டுப் போனதும் நீலத்தைக் கொறச்சுருவோம். நாலு வருசமா இப்படித்தான் ஓடுது."

"யாரு சொல்லி?"

"சின்ன மொதலாளிதான். அப்பாட்ட மூச்சு விட்றாதீக, மனுசன் ஒடஞ்சு போயிருவாருன்னாரு. ஊருக்குப் போறப்பயும் அதத்தான் சொல்லிட்டுப் போனாரு."

நாலு வருசமாக நான் ஓரத்தில் கையெழுத்துப் போட்ட ஷீட்டையெல்லாம் எங்கே வைத்தாய் என்று மட்டும் கேட்டேன். மெஷின் துடைக்க எடுத்துக்கொண்டோம் என்றான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. "தெரியும். கண்ணுல பொரை விழுந்திருக்கு, டாக்டர்ட்ட போவோம்னு எத்தன தரம் கூப்டேன்? ஏங்கண்ணுக்கு என்ன கொறச்சல்னு குதிச்சீகளா இல்லையா?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள். பதினெட்டுப் பேருக்கும், உனக்கும், அவளுக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் நான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். உன்மேல் கோபம் வந்தது. என்னைக் கேலிப்பொருள் ஆக்கிவிட்டானே என்று வந்தது. கொஞ்ச நேரத்தில், இவ்வளவு திட்டு வாங்கியும் போகும்போது என் மானத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறானே என்று அழுகை வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுசன் என்ன செய்வான்? நீ செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்றைக்கே முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான்கு வருசம் முந்தியே டாக்டரிடம் போயிருப்பேன் என்று ஒரு மனம் சொல்கிறது. போயிருக்க மாட்டாய், அவனை அன்றைக்கே விரட்டியிருப்பாய் என்று இன்னொரு மனம் சொல்கிறது. இரண்டாவதுதான் உண்மை போலிருக்கிறது.

அப்பன் கடிதம் என்றால் புத்திமதி இல்லாமலா? உனக்கு நான் சொல்லக்கூடிய யோக்கியமான புத்திமதி ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. நாற்பது தாண்டியதும் வருசா வருசம் கண்ணைக் காட்டிவிடு. உன் தாத்தாவுக்கும் இருந்தது, எனக்கும் வந்தது, உனக்கும் வரும். அப்போது உன் பிள்ளை ஏதாவது சொன்னால், நாலு பேர் முன்னால் வைத்துப் பதில் சொல்லாதே.

இனி விளக்குக்கு வருகிறேன். நீ வாங்கி வைத்துவிட்டுப் போன இரண்டு மீட்டர்களும் அதே ஆபீஸ் பீரோவில் உறை பிரிக்காமல் கிடந்தன. ஒன்று மையின் அடர்த்தியை அளப்பது. இன்னொன்று தண்ணீருக்குள் பவளத்துக்குக் கிடைக்கிற வெளிச்சத்தை அளப்பது. கண் இருக்கும்போது மீட்டர் எதற்கு என்று இரண்டையும் உள்ளே போட்டுப் பூட்டியது நான்தான். இப்போது எந்தக் கண் என்ற கேள்வி வந்துவிட்டதால் எடுத்தேன். நீ எழுதி வைத்திருந்தபடி கம்பியில் கட்டி இறக்கி அளந்தேன். நீலம் எழுபது, வெள்ளை இருபதில், மான்கொம்பு இருக்கும் மேல் பாறையில் மீட்டர் இருநூற்று அறுபது காட்டியது. என் கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்த வெளிச்சம் அது. நான் குமிழை முழுக்கத் திருப்பியபோது என்ன இருந்திருக்கும் என்று பார்க்க, மான்கொம்பை ஒரு துண்டால் மூடிவிட்டு ஒரு நிமிஷம் மட்டும் திருப்பினேன். அறுநூறுக்கு மேல் போய்விட்டது. அடி மணலில் நிழலில் வளர்கிற மூளைப் பவளம் பக்கத்தில் அளந்தால் நாற்பத்தைந்துதான். அங்கே குறைந்தது எண்பது வேண்டும் என்று எழுதியிருக்கிறாய்.

விருதுநகரில் மீன் கடை வைத்திருப்பவரிடம் உன் மூன்று விளக்குகளின் படத்தையும் காட்டினேன். தட்டையாக, அகலமாக இருக்கிறதே, கரண்டு மிகக் குறைவாக இழுக்கும் முதல் விளக்கு, அது ஒன்றரை அடித் தொட்டிக்கு நல்லதாம். வெளிச்சம் பரந்து விழுமாம், நிழல் விழாதாம், ஆனால் நம் தொட்டியின் அடி மணலுக்கு வந்து சேராதாம். மற்ற இரண்டும் அதே ஜாதிதானாம். "கரண்டு மிச்சம்னா எத்தன வாட்டுன்னு மட்டும் பாக்காதீக அண்ணாச்சி. எரியிற வெளிச்சத்துல எம்புட்டு அடி மணலுக்குப் போய்ச் சேருதுன்னு பாருங்க. சேராத வெளிச்சம் எம்புட்டு சிக்கனமா எரிஞ்சாலும் தண்டம்தான" என்றார். குறுகிய லென்ஸ் வைத்த விளக்கு இரண்டு தொங்கவிட்டால் கதிர் நேராக அடிக்கு இறங்குமாம். பழைய ஹாலைடு இழுத்ததில் பாதிகூட இழுக்காதாம், சூடு இறங்காததால் சில்லரும் பாதி நேரம் தூங்குமாம். சரி, அதையே வாங்கலாம் என்று எழுந்தேன். உடனே அவரே, "ஆனா லென்ஸ் நேரா விழுற எடத்துல மேல உள்ள பவளம் சுட்டுப்போகும், பாத்துக்கிடுங்க" என்று உட்கார வைத்துவிட்டார். விரித்தால் கீழே பட்டினி, குறுக்கினால் மேலே சூடு. விளக்கை உயர்த்திக் கட்டு என்கிறார், மான்கொம்பை நடுப்பாறைக்கு இறக்கு என்கிறார், ஓரத்துக்கு ஒரு பட்டை விளக்கும் சேர்த்துக்கொள் என்கிறார். எழுதிக்கொண்டு வந்தேன். வாசிக்க வாசிக்கத் தலை சுற்றுகிறது.

என்னைக் கேட்டால் லென்ஸ் விளக்கு இரண்டு, உயர்த்திக் கட்டி, குமிழை நாற்பதில் வைத்து ஆரம்பித்து மாதக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும் என்பேன். ஆனால் என்னைக் கேட்கலாமா என்றே எனக்குத் தெரியவில்லை. இப்போது எதைப் பார்த்தாலும் இரண்டு நிறமாகத் தெரிகிறது. அதனால் அளவுகளை மட்டும் அனுப்பியிருக்கிறேன். பொய் கலக்காத அளவு. அதை வைத்து நீ முடிவு செய். மான்கொம்பில் பாதிக்கு மேல் செத்துவிட்டது, அடிப்பக்கம் நான்கு விரல் அளவுக்கு இன்னும் பழுப்பாக உயிர் இருக்கிறது. அதைக் காப்பாற்ற முடியுமா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும், போட்டோவில் நிறம் சரியாக வராது.

ஆடிப்பெருக்கு முடிந்ததும் இடது கண் ஆபரேஷன். போன தடவை ஒரு நாளைக்கு ஆறு வேளை சொட்டு மருந்து. அம்மாவுக்குக் கை நடுங்கி, பாதி கன்னத்தில் வழிந்தது. கருப்பசாமிதான் வேலைக்கு நடுவே ஓடி ஓடி வந்து மருந்து விட்டான். இப்போது காலண்டர் சீசன், அவனால் மெஷினை விட்டு நகர முடியாது. ஆனாலும் நேற்று வந்து, "இந்தக் கண்ணுக்கும் நானே வந்துர்றேன் மொதலாளி" என்றான். வேண்டாம், என் மகன் வந்து பத்து நாள் இருக்கப்போகிறான் என்று சொல்லிவிட்டேன். மெஷினில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவனுக்கு முகமெல்லாம் சந்தோசம். வருகிறேன் என்று நீ சொல்லவே இல்லை, நானும் உன்னை இதுவரை வா என்று கூப்பிட்டதில்லை. கரண்டு பொய்யை நான் இப்போது ஒத்துக்கொண்டுவிட்டேன். இதையும் பொய்யாக்கிவிடாதே, தம்பி.

அப்பா